செவிலியர் படிப்பும் தீயணைப்பு நிலையமும்: மேரிலாந்தில் வாழும் ஒரு தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் செவிலியர் படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் உங்களுக்கு மனக்குறை ஏதும் இல்லை என்பதும், தன்னார்வத் தீயணைப்பு நிலையத்திலும் சேரப் போவதாக அவள் ஒற்றைக் காலில் நிற்பதே உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பதும் உங்கள் கடிதத்திலிருந்து புரிகிறது. இரண்டும் ஒட்டாத வேலைகள் என்று நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கத் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர் போன்ற மருத்துவ அழைப்புகளே. இந்நாட்டுத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள் என்பதால், படித்துக்கொண்டே அதில் சேர்வதும் இங்கே புதுமையன்று. எனவே அவள் சேரட்டும். எதை எந்த ஆண்டில் செய்வது என்பதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருங்கள்.

பெற்றோரின் கையெழுத்துடன் 16 வயதிலேயே இளையோர் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. அந்த வயதினரை எரியும் கட்டடத்துக்குள் அனுப்புவதில்லை. குழாய் சுருட்டுவதும், வண்டியிலுள்ள கருவிகளைச் சரிபார்ப்பதும், பயிற்சிகளைப் பார்ப்பதுமே வேலை. பள்ளி முடிந்த கோடையில் இ.எம்.டி. எனப்படும் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியை முடிப்பது நல்லது. ஏறத்தாழ 150 மணி நேரமோ சற்றுக் கூடுதலோ பிடிக்கும் அந்தப் பயிற்சிதான் இரு துறைகளுக்கும் இடையிலான உண்மையான பாலம். தன்னார்வ நிலைய உறுப்பினர்களுக்கு மேரிலாந்து தீயணைப்பு மீட்புப் பயிற்சி நிறுவனம் இத்தகைய பாடங்களைக் கட்டணமின்றி நடத்துகிறது.

மேரிலாந்து பல்கலைக்கழகம் அமைந்துள்ள காலேஜ் பார்க் நகரின் தன்னார்வ நிலையத்தில் அப்பல்கலைக்கழக மாணவர்கள் தங்கி, பணிநேரத்துக்கு ஈடாக இலவச இருப்பிடம் பெறும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. விடுதிச் செலவு மிச்சமாகும் என்று மகள் இதைத்தான் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு: மேரிலாந்து பல்கலைக்கழகச் செவிலியர் பள்ளி சுமார் 30 மைல் தொலைவிலுள்ள பால்டிமோரில் இருக்கிறது. காலேஜ் பார்க்கில் உடற்கூறியல், நுண்ணுயிரியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்த பிறகே அங்கே சேர முடியும். அந்தப் பாடங்களின் மதிப்பெண்கள் இடத்தைத் தீர்மானிக்கும். ஆகவே நிலையத்தில் தங்குவது முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தபடி கற்கும் கிளினிக்கல் பயிற்சி தொடங்கியதும் நிலைமை மாறிவிடும். காலை 7 மணிக்கு முன்பே சீருடையில் வார்டில் நிற்க வேண்டும். அதிகாலை 3 மணிக்கு வந்த அழைப்புக்கு ஓடிவிட்டுத் தூங்காமல் வந்தேன் என்பதைப் பயிற்றுநர் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. இன்சுலின் அளவைச் சரிபார்க்கும் கண்கள் விழித்திருக்க வேண்டும். செவிலியர் பள்ளியில் படிக்கும் அந்தக் கடைசி இரு ஆண்டுகளில் கல்லூரி நாள்களுக்கு முந்தைய இரவுகளில் நிலையப் பணி கிடையாது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். இன்னொரு சிக்கலைப் பலரும் யோசிப்பதில்லை. வகுப்பில் இரத்தக் குழாய் வழி ஊசி போடக் கற்றிருந்தாலும், ஆம்புலன்ஸில் அவள் வெறும் இ.எம்.டி. மட்டுமே; அந்தச் சான்றிதழ் அனுமதிப்பதற்கு மேல் கை வைக்கலாகாது. இரவில் தான் கொண்டுவந்து சேர்த்த நோயாளியின் பெயர் மறுநாள் வார்டுக் கணினியில் கண்ணில் பட்டாலும், அவர் தனக்கு ஒதுக்கப்பட்டவராக இல்லாத வரை, ஆவலில் அந்தக் கோப்பைத் திறப்பது தனியுரிமைச் சட்ட மீறல். படிப்பையே இழக்கச் செய்யக்கூடிய தவறு இது.

அபாயத்தைப் பற்றி உங்களுக்கு ஆறுதலுக்காக எதையும் மழுப்ப விரும்பவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் தீயணைப்புப் பணியை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் பட்டியலில் சேர்த்தது. புகைக்கரி படிந்த மேலங்கியைக் காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவதைச் சிலர் வீரமாகவே நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

பட்டம் பெற்ற பிறகு இரு வேலைகளும் ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்திவிடும். பல மருத்துவமனைகளில் வாரத்துக்கு மூன்று 12 மணி நேரப் பணிமுறைகள். சம்பளத் தீயணைப்பு வேலையில் 24 மணி நேரம் பணி, 48 மணி நேரம் ஓய்வு என்பது பரவலான முறை. ஆனால் செவிலியர் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு, இ.எம்.டி.க்கு மேல்நிலையிலுள்ள பாராமெடிக்காகப் பணியாற்ற முடியாது. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். பல தீயணைப்புத் துறைகள் நடத்தும் உடற்தகுதித் தேர்வில் 50 பவுண்டு எடையுள்ள மேலுடையுடன் எட்டுச் செயல்களை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும் என்பதையும் மகள் இப்போதே அறிந்திருக்கட்டும்.

விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நிலையத்தை நீங்களும் நேரில் போய்ப் பாருங்கள். பாதுகாப்பு உடைகளைத் துவைக்க அங்கேயே இயந்திரம் இருக்கிறதா, அவை உறங்கும் அறையிலிருந்து விலகி மாட்டப்பட்டிருக்கின்றனவா, தேர்வு வாரத்தில் மாணவர்களுக்கு விலக்கு உண்டா என்ற மூன்றையும் பொறுப்பு அதிகாரியிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் தயங்கினால், வேறொரு நிலையத்தைத் தேடலாம்.