ஃபாயில் போர்டு: லிட்டர் கணக்கும் அதற்கு அப்பாலும்

கேள்வி: என் எடை 78 கிலோ. விங் ஃபாயிலிங் (கையில் பிடிக்கும் விங்கின் காற்றிழுப்பாலும், போர்டின் அடியில் நீருக்குள் இருக்கும் ஃபாயில் இறக்கைகளாலும் நீர்மட்டத்துக்கு மேல் எழும்பிப் போவது) ஏழெட்டு முறை போயிருக்கிறேன். மண்டியிட்டு விங்கைப் பிடிக்க வந்துவிட்டது. எழுந்து நின்றால் பத்து விநாடிகூடத் தாங்குவதில்லை. நண்பர் தன் 85 லிட்டர் கனஅளவுள்ள போர்டைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். "எப்படியும் சின்ன போர்டுக்குத்தான் வரப்போகிறாய்" என்பது அவர் வாதம். வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நீங்கள் 78 கிலோ. நனைந்த உடை, மிதவைச் சட்டை, ஹெல்மெட் எல்லாம் 3. போர்டு 7. மாஸ்ட்டும் (போர்டின் அடியிலிருந்து இறங்கும் தண்டு) இறக்கைகளும் சேர்ந்த ஃபாயில் 5. மொத்தம் 93 கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1.025 கிலோ. ஆகவே 91 லிட்டர் போர்டில் அசையாமல் நின்றால் அதன் மேல்தளம் நீர்மட்டத்தோடு மட்டமாக இருக்கும். ஏரி என்றால் 93 வேண்டும். நீரில் மூழ்கியிருக்கும் ஃபாயில் ஒன்றிரண்டு லிட்டர் மிதப்பைத் தரும் என்று வைத்தாலும், 85 லிட்டர் போர்டு உங்கள் காலடியில் மூழ்கி, கெண்டைக்கால் நனைந்த பிறகுதான் நிற்கும்.

பழகியவர்கள் அப்படி மூழ்கிய போர்டைத்தான் விங்கின் இழுப்பால் மேலே கொண்டுவருகிறார்கள். அதற்குக் காற்று 15 நாட் (knot; மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்) வேகத்துக்குக் குறையாமல் சீராக வீச வேண்டும். விங்கைத் தலைக்கு மேல் அசையாமல் வைத்திருக்கவும் தெரிய வேண்டும். பழகாதவருக்கு நடப்பது வேறு. தடுமாறும்போது எடை பின்னங்காலுக்குப் போகும், டெயில் அமிழும், மூக்கு தூக்கும், விங் காற்றை இழக்கும், மல்லாந்து விழுவீர்கள். ஏறுவதும் விழுவதுமாக அரைமணி நேரம் போனால் கை ஓய்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு: நடுவில் காற்று நின்றுபோனால் மூழ்கும் போர்டில் உட்கார்ந்து வர முடியாது, குப்புறப் படுத்துக் கையால் துழாவித்தான் கரைக்கு வர வேண்டும்.

உங்கள் எடையோடு 30 முதல் 40 லிட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 108 முதல் 118 லிட்டர், 27–29 அங்குல அகலம், 6 அடிக்குள் நீளம். இரண்டு பக்கமும் விழாமல் பறந்து, திரும்பும்போது இரண்டில் ஒன்றாவது தேறுகிறது என்ற நிலை வந்தபின் நண்பரிடம் பேசலாம். பழகிய பெரிய போர்டை வாங்கப் புதிதாகக் கற்பவர் யாராவது இருப்பார். அந்தக் கவலை வேண்டாம்.

கேள்வி: 110 லிட்டரில் இரண்டு போர்டு பார்த்தேன். ஒன்று 5 அடி 6 அங்குல நீளம், 28 அங்குல அகலம். இன்னொன்று 7 அடி 10 அங்குலம், 20 அங்குலம். லிட்டர் ஒன்றுதானே, அப்புறம் என்ன வித்தியாசம்?

பதில்: லிட்டர் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். எப்படி நகரும், எவ்வளவு ஆடும் என்பதை நீளமும் அகலமும்தான் சொல்லும்.

முதலில் ஆட்டம். பக்கவாட்டில் கவிழாமல் நிற்கும் திறன் நீளத்தைப் பொறுத்தது, ஆனால் அகலத்தின் முப்படியைப் பொறுத்தது. 28 அங்குலம் 20 ஆகும்போது முப்படிக் கணக்கில் 36 சதவீதம்தான் மிஞ்சுகிறது. நீளம் கூடியதில் கொஞ்சம் திரும்பக் கிடைத்தாலும், நீள போர்டின் நிலைப்பு குட்டையானதில் ஏறத்தாழ பாதிதான். முதல் முறை ஏறி நிற்கும்போது முழங்கால் நடுங்குவதற்கு இதுதான் காரணம். பயந்து விறைத்தால் இன்னும் ஆடும்.

அடுத்தது நகர்வு. அகலமான குட்டை போர்டு முன்னால் ஒரு அலையைத் தள்ளிக்கொண்டே போகும். வேகம் கூடக் கூட அந்த மேட்டின் மேல் ஏற முடியாமல் திணறும். நீளமும் ஒடுக்கமும் உள்ள போர்டு தண்ணீரைக் கிழித்துப் போகும். ஃபாயிலின் தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு ஏற்பக் கூடுவது. வேகம் பாதி என்றால் தூக்கு கால்பங்குதான். அதனால் எழும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் கிடைக்கும் அந்த ஒன்றரை, இரண்டு நாட் கூடுதல் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விங்கின் இழுப்பு இருந்தால் குட்டை போர்டும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிடும். துடுப்பு மட்டும் கையில் இருந்தால் தாண்டாது.

வாங்கும்போது போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள். டெயிலின் அடிப்பக்கம் பின்னோக்கி மேலே சாய்ந்து வெட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத போர்டில் மூக்கைத் தூக்க முயலும்போதெல்லாம் டெயில் நீரில் இடித்து வேகத்தைத் தின்னும். பின்விளிம்பு கத்திமுனைபோல் கூர்மையாக இருந்தால் தண்ணீர் பட்டென்று விட்டுவிடும்; உருண்டையாக இருந்தால் ஒட்டிக்கொண்டு இழுக்கும். பக்க விளிம்புகளின் கீழ்ப்பகுதி சாய்வாகச் சீவப்பட்டிருந்தால், பறக்கும்போது நீரைத் தொட்டாலும் வழுக்கிப் போகும், குத்தி நிற்காது.

கேள்வி: எடை 64 கிலோ. விங்கில் நன்றாகத் திரும்பவும் வருகிறது. டவுன்விண்டும் (காற்று வீசும் திசையிலேயே கடலின் மேடுகளில் சறுக்கிப் போவது) தொடங்க ஆசை. இரண்டுக்கும் ஒரே போர்டு போதுமா?

பதில்: எந்த டவுன்விண்ட் என்பதைப் பொறுத்தது. விங்கை வைத்து எழும்பி, பிறகு அதை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு கடலின் மேடுகளில் சறுக்குவது ஒரு வகை. இதற்கு நடுத்தர நீள போர்டே போதும்: 6 அடி 2 முதல் 6 அடி 8 அங்குலம், அகலம் 20–22 அங்குலம், 75–85 லிட்டர். காற்று குறைவான நாளிலும் எழும்பும். நீங்கள் இங்கிருந்து தொடங்குவதுதான் நல்லது. மேட்டை எப்படிப் படிப்பது, எங்கே சறுக்கு கிடைக்கும் என்பதெல்லாம் களைக்காமல் பிடிபடும்.

துடுப்பால் எழும்புவது வேறு கதை. அதற்கு 7 அடி 6 அங்குலத்துக்குக் குறையாத நீளம், 20–21 அங்குல அகலம், 90–95 லிட்டர் வேண்டும். நடுத்தர போர்டில் இதைக் கற்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் ஏற்கெனவே கற்றவர் என்று அர்த்தம். ஃப்ரன்ட் விங் (ஃபாயிலின் முன் இறக்கை) 1,100–1,300 சதுர சென்டிமீட்டர், மாஸ்ட் 75–80 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது ஒரே இடத்தில்: மேடு டெயிலைத் தூக்கும் முன்பே முழு பலத்தையும் செலவழித்துவிடுவார்கள். மெதுவாகத் துடுப்புப் போட்டுப் போர்டை ஓட்டத்திலேயே வைத்திருங்கள். டெயில் உயர்ந்து மூக்கு பள்ளத்தை நோக்கிச் சாய்வது பாதத்தில் தெரியும். அப்போதுதான் குறுகிய, வேகமான ஆறேழு துடுப்பு வீச்சு. ஃபாயில் தூக்கத் தொடங்கியதும் முழங்காலை மடக்கி இரண்டு மூன்று பம்ப் (போர்டைக் காலால் அழுத்தி விடுவது). எழும்பவில்லை என்றால் அந்த மேட்டை விட்டுவிட்டு மூச்சு வாங்குங்கள். பின்னால் இன்னொன்று வரும்.

லீஷ் (உங்களைப் போர்டோடு இணைக்கும் கயிறு) இல்லாமல் இறங்கவே கூடாது. விழுந்தவர் நீந்துவதைவிட வேகமாகக் காற்று போர்டை அடித்துக்கொண்டு போகும். தனியாகவும் போகாதீர்கள்.

கேள்வி: எழும்பியதும் மூக்கு விருட்டென்று மேலே போகிறது. முன்னங்கால் தொடை எரிகிறது. போர்டு கோளாறா?

பதில்: பெரும்பாலும் மாஸ்ட் இருக்கும் இடம்தான் கோளாறு. மாஸ்ட் முன்னால் இருந்தால் தூக்குவிசையும் முன்னால் வரும். அதை அடக்க முன்னங்கால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ட்ராக்கில் (போர்டின் அடியில் மாஸ்ட்டைப் பொருத்தும் காடி) மாஸ்ட்டை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள், ஒரேயடியாக மூன்று நான்கு வேண்டாம். எழும்பவே பின்னங்கால் படாதபாடு பட்டால் அதற்கு நேர்மாறு. சரியான இடம் கிடைத்ததும் ட்ராக் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். ஃப்ரன்ட் விங்கை மாற்றினால் இந்த இடமும் மாறும், அதற்குத் தனிக் கோடு.

நான்கு திருகுகளையும் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். உடல் எடையைப் போட்டு முடுக்கினால் ட்ராக் பெட்டி நசுங்கும். ஒருமுறை பறந்து வந்தபின் திரும்பச் சோதியுங்கள், அநேகமாகக் கால் சுற்று இளகியிருக்கும்.

கேள்வி: காற்றடைக்கும் போர்டு?

பதில்: கற்கவும் பயணத்துக்கும் சரி. மாஸ்ட் பொருந்தும் இடத்தில் கெட்டியான தகடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பம்ப் செய்யும் விசையைப் போர்டின் நெளிவு விழுங்கிவிடும். ஆகவே டவுன்விண்டுக்கு ஆகாது.

கேள்வி: பழைய போர்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பதில்: ட்ராக்கைச் சுற்றிலும் கட்டை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் விட்டுவிடுங்கள். ட்ராக் மூலைகளிலிருந்து மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிறகு தராசில் நிறுத்துங்கள்: தயாரிப்பாளர் சொன்ன எடையைவிட அரைக் கிலோ கூடுதல் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். மேல்தளத்தில் கொப்புளம் இருந்தால், காற்றுத் திருகை (உள்ளே விரியும் காற்றை வெளியே விடும் திருகு) மூடியபடி வெயிலில் காரில் போட்டிருக்கலாம். அந்தத் திருகின் ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பாருங்கள். அது வெடித்திருந்தால் தண்ணீர் போன வழி அதுவாகவே இருக்கலாம்.