காம்பு எடுத்த இலையும் எடுக்காத இலையும்: புகையிலை வணிகக் கணக்கு, கேள்வி பதில்

கொழும்புத் துறைமுகத்தில் வாஃப் கிளார்க்காக (சரக்கைச் சுங்கத்தில் விடுவிக்கிற எழுத்தர்) முப்பது வருடம் கோப்பும் கையுமாக ஓடித் திரிந்தவன் நான். புகையிலை ஏற்றுமதி இறக்குமதி பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். ஏழெட்டுப் பேர் பிடித்துக்கொண்டார்கள்.

ஐயா, பல்கலைக்கழகத்தில் ஒரு ஒப்படைக்காக இலங்கையின் புகையிலை வர்த்தகத்தை வருடவாரியாக எடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது? (வெள்ளவத்தை மாணவி)

எச்.எஸ். கோட், அதாவது சுங்கத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் உலகம் முழுக்கப் பொதுவாக உள்ள குறியீட்டு எண், அதில் 24ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள், மகள். 2401 பதப்படுத்தாத இலையும் கழிவும். 2402 சுருட்டு, சிகரெட். 2403 மற்றத் தயாரிப்புகள். எரிக்காமல் உள்ளிழுக்கிற சாமான்களுக்கு 2022 ஜனவரி 1 முதல் 2404 என்று புதுத் தலைப்பு வந்தது. அதற்கு முன் அவை வேறு வேறு கோட்டுகளில் சிதறிக் கிடந்தன. ஆகவே 2021ஐயும் 2022ஐயும் ஒட்டும்போது கவனம்.

மத்திய வங்கியின் ஏற்றுமதி அட்டவணையிலும் விவசாயப் பொருட்களுக்குக் கீழே பதப்படுத்தாத புகையிலைக்குத் தனி வரிசை உண்டு. தேயிலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்னத் தொகைதான். தேயிலை வருடத்துக்கு நூறு கோடி டொலரைத் தாண்டுகிற சரக்கு.

இன்னொன்று: சிகரெட் தாள் 4813இல் இருக்கிறது, பில்டருக்கு வருகிற நார் 5502இல். 24ஐ மட்டும் கூட்டினால் சிகரெட் தொழிலின் இறக்குமதி முழுதாக வராது.

புகையிலை ஏற்றுமதி கூடினால் நம் விவசாயிக்குக் காசு கூடுகிறது என்றுதானே அர்த்தம்? (கொட்டாஞ்சேனை)

அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். இந்தக் கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே ஐரோப்பியச் சுருட்டு நிறுவனங்களுக்காக வேலை செய்கிற தொழிற்சாலை உண்டு. வெளிநாட்டில் விளைந்த மேலுறை இலை (சுருட்டின் வெளியே சுற்றுகிற இலை) கண்டெய்னரில் வந்து இறங்கும். பெண்பிள்ளைகள் அதை நனைத்து, காம்பு உரித்து, அளவுக்கு வெட்டுவார்கள். பிறகு அது திரும்பக் கப்பலேறும். வரும்போது இறக்குமதி, போகும்போது ஏற்றுமதி. நம் நாட்டுக்கு மிஞ்சுவது கைவேலைக் கூலியும் இடையில் கூடிய பெறுமதியும். உள்ளூர்த் தோட்டத்துக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

அதனால் ஏற்றுமதியைத் தனியாகப் பார்க்காதீர்கள். அதே வருடத்தின் 2401 இறக்குமதியைப் பக்கத்தில் வையுங்கள். கிலோவால் பெறுமதியை வகுத்து, ஒரு கிலோவின் விலை எப்படிப் போகிறது என்று பாருங்கள். ரூபாக் கணக்கு வேண்டவே வேண்டாம். 2022இல் ரூபா விழுந்ததில் அதே சரக்கே பெரிய தொகையாகத் தெரியும். டொலரில் பாருங்கள், அதைவிட கிலோவில் பாருங்கள்.

2401.10, 2401.20 என்று பிரிக்கிறார்களே, அதில் அப்படி என்ன? (புறக்கோட்டை, கிளியரிங் தொழிலுக்குப் புதியவர்)

தம்பி, நானே அதில் அடி வாங்கியவன். தொழிலுக்கு வந்த புதிதில் காம்பு எடுத்த இலையை எடுக்காத இலை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். தேனும் பழைய தோலும் கலந்த மாதிரி ஒரு மணம். ஒரு துண்டை எடுத்து, நடுநரம்பு இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் நகத்தை ஓட்டினார். ஒன்றும் தட்டவில்லை. "காம்பு எங்கே?" என்று மட்டும் கேட்டார். அன்று மத்தியானச் சாப்பாடு இல்லை.

காம்பு எடுக்காதது 10, பாதியோ முழுதோ எடுத்தது 20, கழிவு 30. நகம் வைத்துப் பார்த்துவிட்டு எழுது.

இலங்கை காட்டுகிற ஏற்றுமதியும் வாங்குகிற நாடு காட்டுகிற இறக்குமதியும் ஒத்துவருவதில்லையே. களவா? (மருதானை)

எல்லாம் களவு இல்லை. ஏற்றுமதி எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரையான) விலையில், இறக்குமதி சி.ஐ.எஃப். (போய்ச் சேரும்வரையான) விலையில் பதிவாகும். அதாவது கப்பல் கூலியும் காப்புறுதியும் அந்தப் பக்கத்தில் ஏறிவிடும். டிசம்பரில் இங்கே ஏறிய பெட்டி ஜனவரியில் அங்கே இறங்கும், வருடமே மாறிவிடும். கொழும்பில் கப்பல் மாற்றிப் போகிற கண்டெய்னர்கள் நம் கணக்கில் சேரவே சேராது. பிடிபடுகிற கள்ளச் சிகரெட்டும் அப்படித்தான்.

தாத்தா ஐந்துலாம்புச் சந்திப் பக்கம் யாழ்ப்பாணச் சுருட்டு விற்றார். அது எந்தக் கணக்கில் வரும்? (பம்பலப்பிட்டி)

எதிலும் வராது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் வந்த சரக்கு உள்நாட்டு வியாபாரம்தானே. சிங்களவர்களும் "சுருட்டு" என்றே கேட்டு வாங்கினார்கள், அந்தப் பெருமை தாத்தாவின் கடைக்கு உண்டு. ஆனால் யாழ்ப்பாணப் புகையிலைக்கு உண்மையான ஏற்றுமதிக் காலமும் இருந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குப் போனது, வெற்றிலையோடு மெல்ல. அங்கே வரி ஏற ஏற இங்கே தோட்டம் படுத்தது. இன்றைக்கும் கேரளத்தில் பழைய ஆட்கள் யாழ்ப்பாணப் புகையிலை என்றால் தலையாட்டுவார்கள்.

பீடி இலை 24இல் இருக்கிறதா? (ஹெட்டித் தெரு)

இல்லை. அது புகையிலையே இல்லை, தெண்டு மரத்து இலை. 14ஆம் அத்தியாயத்தில் தேடுங்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று வரி கடுமையாக இருப்பதால்தான் மன்னார், கற்பிட்டிப் பக்கம் படகில் வருகிறது, கடற்படையும் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறது. ஆகவே வருடக் கணக்கில் பீடி இலை குறைந்தால் பீடி குடிக்கிறவன் குறைந்தான் என்று எழுதிவிடாதீர்கள்.

அண்ணா, துபாயிலிருந்து வரும்போது ஒரு காட்டன் சிகரெட் கொண்டுவரலாமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

மதுப் போத்தலுக்குச் சலுகை உண்டு, சிகரெட்டுக்குத் தீர்வையில்லாச் சலுகை இல்லை. கட்டுநாயக்காவில் பையைத் திறந்தபிறகு எனக்கு கோல் எடுக்க வேண்டாம்.