திருத்தி எழுதுவதால் எழுத்தாளராக நீங்கள் வளர்ந்ததாக உணர்கிறீர்களா?

ஆம், நிச்சயமாக. ஒரு கதையை முன்வைத்தே சொல்கிறேன்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்தவன். வயல் செய்யும் குடும்பம். மார்கழி, தை மழைக்கு வாவி நிரம்பித் தாழ்ந்த வட்டைகளுக்குள், அதாவது வயல்வெளிகளுக்குள், தண்ணீர் ஏறும். அப்போது பாலமீன்மடுப் பக்கம் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டி, வெள்ளத்தைக் கடலுக்கு விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்போம். அதை வைத்துத்தான் கதை. முதல் பிரதியில் கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில் நிற்கும் பயிர் மூழ்கிக் கிடக்க, வரம்பில் ஒரு போடியார், வயலுக்குச் சொந்தக்காரர், நின்றார். வானம் கண்ணீர் விட்டது.

அடுத்த பிரதியில் அந்தக் கண்ணீர் போய்விட்டது. பயிர் எத்தனை நாள் தண்ணீருக்குள் தாங்கும், முதலில் எது அழுகும் என்று மாமாவிடம் கேட்டு எழுதினேன். பக்கங்கள் குறைந்தன, போடியாரின் பதற்றம் கூடியது. திருத்தம் என்றால் இவ்வளவுதான் என்று பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது.

கதையில் வாவி மீனவர் ஒருவர் ஒரே ஒரு வரியில் வந்து, "இப்போது வெட்டக் கூடாது" என்று மறித்துவிட்டுப் போவார். அந்த வரியைச் செதுக்க உட்கார்ந்தபோது, அவர் ஏன் மறிக்கிறார் என்ற கேள்வி என்னை விடவில்லை. வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் வலை வீசும் பெரியவர் ஒருவரைத் தேடிப்போனேன். காலத்துக்கு முன்னே ஆற்றுவாயை வெட்டினால் வாவி மட்டம் இறங்கிவிடும், வளர்ந்துகொண்டிருக்கும் இறாலும் மீனும் கடலோடு போய்விடும், பிறகு எங்கள் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டார். நான் பிறந்த வீட்டில் ஒருநாளும் காதில் விழாத நியாயம் அது. கதையில் வில்லனுக்கு இடமில்லாமல் போயிற்று. இரண்டு பேர், இருவரிடமும் நியாயம், நடுவே ஒரு மணல் திட்டு. பாதிக் கதையை மறுபடி எழுதினேன். நான் வளர்ந்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவு தருவது அந்தப் பாதிதான்.

எங்கள் ஊர்க் கூத்தும் இதற்கு ஒரு முன்மாதிரி. கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் சட்டம் கொடுத்த, அதாவது ஆடுவோருக்கு அவரவர் பாட்டும் வசனமும் கொடுத்த, நாளிலிருந்து அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். ஊரார் சுற்றியிருந்து பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், அண்ணாவியார் மாற்றுவார். அரைகுறை ஆட்டத்தை ஊருக்குக் காட்ட அங்கே யாரும் கூசுவதில்லை. எழுதுகிற நாம்தான் முடிந்த பிரதியை மட்டும் காட்டப் பழகியிருக்கிறோம். இப்போதெல்லாம் முடியாத பிரதியையே வாய்விட்டு வாசித்துக் காட்டுகிறேன். கேட்பவர் எங்கே நிமிர்கிறார், எங்கே வெற்றிலைத் தட்டைத் தேடுகிறார் என்று பார்த்தாலே திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும். கணினித் திரை இதைச் சொல்லித் தராது.

பழைய பிரதிகளைக் கிழிக்காதீர்கள், தேதியிட்டு வையுங்கள். என்னுடைய பழைய ஓரக்குறிப்புகள் எல்லாம் "இந்தச் சொல் அழகில்லை" என்ற வகை. இன்று அதே ஓரத்தில் "இவருக்கு என்ன பயம்?", "தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று எழுதுகிறேன்.

திருத்திய கதையை அந்தப் பெரியவருக்கும் வாசித்துக் காட்டினேன். முடிவில் இருவரும் சமாதானமாகிறார்கள் என்பதை அவர் ஏற்கவே இல்லை. அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.