ரூலெட் சக்கரத்தின் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து): ஒரே இலக்கத்தில் வைத்து வென்றால் 35 மடங்கு தருகிறார்களே, அப்படியிருக்கக் கசினோவுக்கு எங்கிருந்து இலாபம் வருகிறது?

பதில்: சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று பணயம் வைக்கும் ஆட்டமே ரூலெட். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் பாதி சிவப்பும் பாதி கறுப்புமான 1 முதல் 36 வரையான இலக்கங்களோடு பச்சை நிறப் பூச்சியமும் சேர்ந்து 37 குழிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் நூறு நூறு ரூபாவாக 3,700 ரூபாவை நீங்கள் வைத்தாலும், வென்ற இலக்கத்துக்குரிய 3,500 ரூபாவும் அதில் வைத்த நூறுமாக 3,600 ரூபாதான் கைக்கு வரும். எந்த இலக்கத்தில் பந்து விழுந்தாலும் குறைகிற அந்த நூறு ரூபா, அதாவது 2.7 சதவீதம், கசினோவுக்கு உரியது.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து): சிவப்பில் வைத்துத் தோற்கும்போதெல்லாம் பணயத்தை இரட்டிப்பாக்கினால், விட்டது முழுவதையும் ஒரே வெற்றியில் பிடித்துவிடலாம் என்கிறார் என் நண்பர். சரிதானா?

பதில்: சிவப்பில் வென்றால் வைத்த தொகையளவே இலாபம் கிடைக்கும். மார்ட்டிங்கேல் எனப்படும் இந்த முறையில் நண்பரின் கணக்கு பிழையில்லை, ஆனால் கையில் வற்றாத பணமும், உச்சவரம்பு இல்லாத மேசையும் அதற்குத் தேவை என்பதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 100 ரூபாவில் தொடங்கி எட்டுத் தடவை தொடர்ந்து தோற்றவர் 25,500 ரூபாவை இழந்திருப்பார். ஒன்பதாவது சுற்றுக்கு 25,600 ரூபா வைக்க வேண்டும். அதில் வென்றாலும் மிஞ்சப்போவது அதே 100 ரூபாதான். அப்படி எட்டுத் தோல்விகள் அடுத்தடுத்து வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 207இல் ஒன்று என்பதால், இரவு முழுதும் மேசையை விட்டு எழாதவருக்கு அது அப்படியொன்றும் அரிதல்ல. தோற்றால் ஓர் அலகு கூட்டி, வென்றால் ஓர் அலகு குறைக்கும் டாலம்பேர் முறை பணத்தை மெதுவாகக் கரைக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து): தொடர்ந்து கறுப்பே வந்தால் அடுத்தது சிவப்பாக இருக்க வாய்ப்புக் கூடாதா?

பதில்: கூடாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மொனாக்கோ நாட்டின் மொன்டே கார்லோ கசினோவில் பந்து 26 தடவை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது; இனிச் சிவப்புத்தான் என்று நம்பியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிவப்புக்கு உள்ள வாய்ப்பு 37இல் 18 மட்டுமே. முந்தைய இலக்கங்களைக் காட்டும் பலகையைக் கசினோ தன் செலவில் மாட்டி வைத்திருப்பது உங்களுக்கு உதவவா என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி (மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து): ஆடியே தீருவேன் என்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சக்கரத்தைத்தான். இரட்டைப் பூச்சியமும் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் கசினோவின் பங்கு 5.26 சதவீதமாகிறது. மாறாக, பூச்சியம் விழுந்தால் சிவப்பு, கறுப்புப் பணயங்களில் பாதியைத் திருப்பித் தரும் பிரெஞ்சு விதி நடைமுறையில் உள்ள மேசையில், அந்தப் பணயங்களுக்கு அது 1.35 சதவீதமாகக் குறைகிறது.