பயாஸில் மெமரி சோதனையை நிறுத்தினால் ரேம் கெட்டுவிடுமா? கணினி திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது

கெடாது, தாராளமாக நிறுத்துங்கள். "நாளைக்கு ரேம் போனால் நீங்களா பொறுப்பு?" என்று கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு: சோதித்தால் ரேமின் ஆயுள் கூடாது, விட்டால் குறையாது. பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி ரேம் போட்ட சர்வர்களைப் பற்றி நான் பேசவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு டிடிபி சென்டரில் வேலை பார்த்தேன். எல்லாம் 486 ப்ராசஸர் போட்ட கணினிகள். யுபிஎஸ் முதலாளி மேசைக்கு மட்டும். கரண்ட் போய் வந்தால், கணினியைத் துவக்கிவைக்கும் புரோகிராமான பயாஸ் முதலில் ரேமை எண்ணும். சோதனையைச் சுருக்கும் 'குயிக் பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட்' அணைந்திருந்ததால் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அது முடிந்தால் டாஸ் 6.22 ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மெமரியைக் கவனிக்கும் ஹைமெம் தன் பங்குக்கு ரேமைச் சோதிக்க ஆரம்பிக்கும். கல்யாணப் பத்திரிகை ப்ரூஃப் பார்க்க வந்தவர் அதற்குள் எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். பயாஸில் அந்த குயிக் டெஸ்டை ஆன் பண்ணி, டாஸ் துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம் வரியின் கடைசியில் /டெஸ்ட்மெம்:ஆஃப் என்று சேர்த்தேன்.

முதலாளி அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "ஏலே, கல்லாவ எண்ணாமக் கடையத் தொறக்கச் சொல்லுதியா?"

"எண்ணுன கல்லாவத்தான் அண்ணாச்சி அது திரும்பத் திரும்ப எண்ணுது."

அப்படியும் அவர் மெஷினை மட்டும் தொடவிடவில்லை.

ஹைமெம் சோதனை பயாஸ் சோதனையைவிட ஆழமானது என்று மைக்ரோசாஃப்டே சொன்னதுண்டு. மறுக்கவில்லை. ஆனால் எப்போதாவது மட்டும் தப்புப் பண்ணும் ரேம் அந்தச் சில நொடியில் சிக்குவது அபூர்வம். சந்தேகம் இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்.

உங்களுடையது ஏஎம்டி ப்ராசஸருக்கான புது ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமுமாகத்தான் இருக்கும். அப்படியானால் கறுப்புத் திரையோடு நிற்பது சோதனையே இல்லை, மெமரி ட்ரெய்னிங். ரேமோடு எந்த டைமிங்கில் பேசினால் ஒத்துவரும் என்று போர்டு பார்த்துக்கொண்டிருக்கிறது. பயாஸில் 'மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர்' இருந்தால் ஆன் பண்ணுங்கள். போன தடவை பார்த்துவைத்ததையே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ப்ளூ ஸ்கிரீன் வந்தால் பழையபடி ஆஃப்.

இன்னொன்று. விண்டோஸின் துவக்க அமைப்புகளை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் 'மேக்ஸிமம் மெமரி'யை டிக் பண்ணினால் வேகமாகத் திறக்கும் என்று வீடியோ போடுகிறார்களே, அவர்களை என்னதான் செய்வது? அது விண்டோஸ் எடுத்துக்கொள்ளும் ரேமுக்கு உச்சவரம்பு வைக்கிற பெட்டி! அதை நம்பி இருக்கிற ரேமையும் தொலைத்தவர்கள் கடைசியில் என்னைத்தான் தேடி வருகிறார்கள். மச்சினன் கல்யாணப் பந்தியில்கூட லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார் ஒருத்தர். இலையில் அப்போதுதான் சாம்பார் விழுந்திருந்தது.