மலையேற்றத்துக்குக் கையடக்க ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா, கைப்பேசியே போதுமா?

நீங்கள் மதுரையிலிருந்து விடுமுறை நாள்களில் சிறுமலைக்கோ கொடைக்கானல் மலைச்சரிவுகளுக்கோ சென்று, இருட்டுவதற்குள் திரும்புபவர் என்று கொள்கிறேன். அப்படியானால் கைப்பேசியே போதும்.

‘டவர் இல்லாத காட்டில் கைப்பேசி எப்படி வழிகாட்டும்?’ என்று கருவி விற்பவர்கள் அச்சுறுத்துவதுதான் என்னை எழுத வைக்கிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அலைகளைக் கைப்பேசி நேரடியாகவே பெறுகிறது. அந்தச் செயற்கைக்கோள்கள் எங்கிருக்கின்றன என்ற விவரத்தை முன்கூட்டியே தந்து, முதன்முறை இடம் காட்டுவதை விரைவாக்க மட்டுமே டவர் உதவுகிறது. டவர் இல்லாத இடத்தில், வானம் தெரியும்படி சில நிமிடங்கள் கூடுதலாக நின்றால் போதும்.

கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து வெள்ளக்கெவி வழியாக, மலையடிவாரத்திலுள்ள கும்பக்கரைக்கு இறங்கியபோது, உடன்வந்த அண்ணன் ஒருவர் விலையுயர்ந்த கையடக்கக் கருவி வைத்திருந்தார். மூடுபனிக்குள் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவருடைய கருவி நாங்கள் நின்ற புள்ளியைச் சரியாகவே காட்டியது. ஆனால் அதனுடன் வந்த அடிப்படை வரைபடத்தில் அந்த ஒற்றையடிப் பாதையே இல்லை. இணையமின்றியும் வரைபடம் காட்டும் ஓஎஸ்எம்ஆண்ட் செயலியில் முந்தைய இரவே நான் இறக்கி வைத்திருந்த, தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் இரு பாதைகளும் இருந்தன. டவரைத் தேடித் தேடியே சார்ஜ் கரையும் என்பதால் கைப்பேசியை ஃப்ளைட் மோடில் வைத்திருந்தேன். கும்பக்கரையை அடைந்தபோதும் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

கருவியையே நான் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். கொட்டும் மழையில் ஈர விரலுக்குத் தொடுதிரை பணியாது, பொத்தான்கள் பணியும். ஏஏ பேட்டரிகளை மாற்றிக்கொண்டே பல நாள் நடக்கலாம். இமயமலைக்குச் செல்வதாக இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி அதில் உண்டா என்று முதலில் கேளுங்கள். அத்தகைய கருவியைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். என் நண்பருக்கு அதை இணையத்தில் விற்றவர் இதைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எதை எடுத்துச் சென்றாலும் வனத்துறை அனுமதியையும் உள்ளூர் வழிகாட்டியையும் விட்டுவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததே, அத்தகைய ஆபத்தை எந்த வரைபடமும் முன்கூட்டிக் காட்டாது. கருவிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு நல்ல பவர் பேங்க்கும் நீர் புகாத உறையும் வாங்குங்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவே இணையத்தை அணைத்துவிட்டு, நீங்கள் நடக்கப்போகும் பாதை திரையில் முழுமையாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.