தகுதி இருந்தும் பெண்கள் மேலாளர் பதவிக்கு வருவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

மேலாளர் யார் என்பது நேர்காணலுக்கு வெகுகாலம் முன்பே, யாருக்கு எந்த வேலை என்று பிரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. கணக்கு, பயிற்சி, பணியாளர் நலன் பெண்களுக்கு. லாரி, கிடங்கு, இரவு ஷிஃப்ட், வாடிக்கையாளரிடம் விலை பேசுவது ஆண்களுக்கு. பதவி காலியானதும் "களப்பணி அனுபவம் கட்டாயம்" என்று அறிவிப்பு வருகிறது. அந்த அனுபவம் எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எவரும் கேட்பதில்லை. தென்னாப்பிரிக்க வேலைவாய்ப்புச் சமத்துவ ஆணையத்தின் அண்மைய ஆண்டறிக்கைகளும் இதையே காட்டுகின்றன: தொழில்முறைத் தகுதி பெற்றோரில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள், உச்ச நிர்வாகத்தில் கால்பங்கை ஒட்டியே இருக்கிறார்கள்.

இன்னொன்று, நிரந்தரமாக்காமல் தற்காலிகமாகக் கொடுக்கும் 'பொறுப்பு மேலாளர்' பதவி. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த ஓர் அக்கா ஓராண்டுக்கு மேல் ஒரு கிடங்கைப் பொறுப்பில் நடத்தினார். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் கொள்கலன்கள் சாலைவரை மிதந்து வந்தன அல்லவா? கணினி இயங்காத அந்த நாட்களில், பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கொள்கலன் எண்களைக் கையால் எழுதி, சேற்றில் நடந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தவர் அவர். பதவியை நிரந்தரமாக்கும் நேர்காணலில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "இரவில் அழைத்தால் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" பதவி போனது அவரிடமே வேலை கற்ற ஓர் இளைஞருக்கு. அந்தத் தம்பிக்கும் இரண்டு பிள்ளைகள். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

வீட்டையும் சொல்லத்தான் வேண்டும். டர்பனின் கிளேர்வுட் பகுதியில் ஒரு பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்த வழக்கறிஞர் நவநீதம் பிள்ளையைப் பற்றி நம் தமிழ்ச் சங்க விழாக்களில் பெருமையாகப் பேசுகிறோம். நிறமும் பாலினமும் சேர்ந்து வழிமறித்த 1967-இல், வேலை தர எந்தச் சட்ட நிறுவனமும் முன்வராததால் அவர் சொந்தமாக அலுவலகம் திறந்தார். உயர் நீதிமன்றத்துக்கு மண்டேலா அவரை நியமித்தது 1995-இல்தான். இதை மேடையில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் "ராத்திரி வேலை நம் குடும்பத்துக்குச் சரிப்பட்டு வராது" என்கிறோம். எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

இந்த நாட்டில் வேலை பார்க்கும் தங்கைகளுக்கு: 1998-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, பாலினம், கர்ப்பம், திருமண நிலை, குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைக் காரணம் காட்டி நியாயமின்றிப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது. பதவி உயர்வுக்கும் இது பொருந்தும். நேர்காணலில் கேட்ட கேள்விகளை அன்றைக்கே தேதியுடன் எழுதி வையுங்கள். தொழில் தகராறுகளைச் சமரசம் செய்து தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.வில் புகார் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் உண்டு. பொறுப்புப் பதவி கொடுத்தால், எத்தனை மாதத்துக்கு, என்ன படி என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள்.